ஒரு அச்சு டெண்டரும் ஒரு கவுன்சிலரின் பதவியும்

ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளை, பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அதே ஓட்டைப் போட்டு வீட்டுக்கு அனுப்ப முடியுமா? டீக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் "அதெல்லாம் நடக்கிற கதையா தம்பி" என்று சொல்லிவிட்டு பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பி விடுவார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1904-லேயே இதற்கான வாக்கெடுப்பு நடந்துவிட்டது. அதற்குக் காரணம் கொலையோ கோடிக்கணக்கில் கொள்ளையோ இல்லை. நகராட்சியின் அறிவிப்புகளை எந்தப் பத்திரிகை அச்சடிப்பது என்ற டெண்டர் தகராறுதான். பி.காம் படிக்கிறவனுக்கு டெண்டர் என்ற வார்த்தை கேட்டாலே காது நிமிர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட ஆச்சரியமும் வந்தது, கடைசியில் கொஞ்சம் பயமும் வந்தது.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக் கொள்வோம். பல பேர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி விடுகிறார்கள். நகரசபை கொண்டுவர மறுக்கும் ஒரு சட்டத்தை மக்களே எழுதி, போதுமான கையெழுத்து வாங்கி, நேராக வாக்கெடுப்புக்கு விடுவது இனிஷியேட்டிவ். நகரசபை போட்ட சட்டத்தை "கொஞ்சம் பொறுங்கள், நாங்கள் ஓட்டுப் போட்டுச் சொல்கிறோம்" என்று நிறுத்தி வைப்பது ரெஃபரெண்டம். சட்டத்தை விட்டுவிட்டு ஆளையே மாற்றுவது ரீகால். முதல் இரண்டும் சுவிட்சர்லாந்தைப் பார்த்து அமெரிக்கர்கள் கற்றுக்கொண்டது. ஜேம்ஸ் சல்லிவன் என்ற நியூயார்க் அச்சுத் தொழிலாளி 1888-ல் சுவிட்சர்லாந்து போய், அங்கே மக்கள் சட்டத்துக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு புத்தகம் எழுதினார். தொழிற்சங்கங்களிலும் விவசாயிகள் மத்தியிலும் அது பரவலாகப் படிக்கப்பட்டது. அச்சுத் தொழிலாளி என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவார்கள்.

இனி லாஸ் ஏஞ்சல்ஸ். இன்றைக்கு சினிமா ஊர். 1890-ல் அதன் மக்கள்தொகை 50,395 தான். 1900-ல் 1,02,479. 1910-ல் 3,19,198. இருபது வருஷத்தில் ஆறு மடங்கு! இப்படி வீங்குகிற ஊரில் தெரு வேண்டும், தண்ணீர் வேண்டும், விளக்கு வேண்டும், டிராம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நகரசபை ஒரு தனியாருக்கு உரிமம் கொடுக்க வேண்டும். உரிமம் என்றால் பணம். அப்போது கலிஃபோர்னியா முழுவதையும் கையில் வைத்திருந்தது சதர்ன் பசிபிக் என்ற ரயில்வே கம்பெனி. வெறும் ரயில் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். யார் வேட்பாளர், யார் நீதிபதி என்பதுவரை அவர்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த வேலையைப் பார்க்கவே வால்டர் பார்க்கர் என்று ஒருவர் இருந்தார். கவுன்சிலராக யார் வந்தாலும் கம்பெனிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, வந்த பிறகு அவரைப் பிடித்துக் கொள்ளலாம். மக்களுக்கு அடுத்த தேர்தல் வரை வாய் திறக்க வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு டாக்டர் வருகிறார். ஜான் ராண்டால்ஃப் ஹேன்ஸ். 1853-ல் பென்சில்வேனியாவில் பிறந்து 1887-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தவர். வைத்தியம் பார்த்தார், நிலம் வாங்கிப் போட்டார், ஊர் வளர வளர நிலத்தின் விலையும் வளர்ந்து பெரும் பணக்காரர் ஆனார். இத்தனைக்கும் மனிதர் தன்னை சோஷலிஸ்ட் என்று சொல்லிக் கொண்டார்! பணக்காரர்களின் கிளப்பில் சாப்பிட்டுக் கொண்டே பணக்காரர்களின் அதிகாரத்தைக் குறைக்க வழி தேடிய ஆள். 1895-ல் நேரடிச் சட்டமியற்றலுக்காக ஒரு சங்கம் தொடங்கி, ஏழெட்டு வருஷம் விடாமல் கூட்டம் போட்டு, கடிதம் எழுதி, கதவைத் தட்டி, கடைசியில் நகரத்தின் சாசனத்தில் மூன்று அதிகாரங்களையும் சேர்க்க வைத்தார். இதில் முதல் இரண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் முன்னோடி இல்லை. சான் பிரான்சிஸ்கோ 1898-லேயே அவற்றைத் தன் சாசனத்தில் ஏற்றுக்கொண்டது. ஆனால் ரீகாலைச் சேர்த்த முதல் பெரிய ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ்தான். 1902 டிசம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள், 1903 ஜனவரியில் மாநில சட்டமன்றம் ஒப்புதல் கொடுத்தது. ரீகாலுக்கு ஆதரவு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தது.

விதி எளிமையானது. ஒரு பதவிக்குக் கடந்த தேர்தலில் விழுந்த மொத்த ஓட்டில் 25 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு, ஏன் நீக்க வேண்டும் என்று காரணமும் எழுதிக் கொடுத்தால், மறுதேர்தல் நடத்தியாக வேண்டும். குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. பதவியில் இருப்பவர் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, அவர் பெயரும் வாக்குச்சீட்டில் இருக்கும். யார் அதிக ஓட்டு வாங்குகிறார்களோ அவருக்கு நாற்காலி. இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒரு வார்டில் 4,000 ஓட்டு விழுந்திருந்தால் 1,000 கையெழுத்து போதும். வீடு வீடாக நடக்கத் தயாராக இருக்கும் ஆட்கள் கொஞ்சம் பேர் இருந்தால் சில வாரங்களில் முடிகிற வேலை. அப்படி நடக்கத் தயாராக இருக்கும் ஆட்கள் யாரிடம் இருப்பார்கள்? ஹேன்ஸின் மனதில் இருந்தவர்கள் ரயில்வே கம்பெனியை எதிர்க்கும் சாதாரண குடிமக்கள். முதலில் கிளம்பியவர்கள் அச்சுத் தொழிலாளர் சங்கத்தார்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையின் முதலாளி ஹாரிசன் கிரே ஓட்டிஸ். 1890-ல் கம்பாஸிட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மற்ற பத்திரிகைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன, ஓட்டிஸ் மட்டும் வரவில்லை. சங்கத்து ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு பத்திரிகையை நடத்திக் காட்டினார். அன்று தொடங்கிய பகை இருபது வருஷம் ஓடியது. 1904-ல் நகராட்சி அறிவிப்புகளை அச்சடிக்க டெண்டர் விட்டார்கள். குறைந்த விலை கேட்டவர் இருக்க, அதிக விலை கேட்ட டைம்ஸுக்கே நகரசபை ஒப்பந்தத்தைக் கொடுத்தது. அப்படி ஓட்டுப் போட்ட கவுன்சிலர்களில் ஒருவர் ஆறாவது வார்டின் ஜே.பி. டேவன்போர்ட். தொழிலாளிகள் நிறைய பேர் வசித்த வார்டு. சங்கம் வேறு யாரையும் தொடவில்லை, அவரைக் குறி வைத்தது. மனு போனது, 1904 செப்டம்பரில் தேர்தல் நடந்தது, டேவன்போர்ட் தோற்று ஆர்தர் ஹௌட்டன் என்பவர் ஜெயித்தார். மனு சரிதானா என்று வழக்கும் நடந்து மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது.

வரிப்பணத்தைப் பொறுத்தவரை சங்கம் சொன்னதில் நியாயம் இருந்தது. குறைந்த விலைக்காரரை விட்டுவிட்டு அதிக விலைக்காரருக்குக் கொடுத்தால் கேள்வி கேட்கத்தானே வேண்டும். ஆனால் அதே ஒப்பந்தம் சங்கத்துக்கு வேண்டிய பத்திரிகைக்கு அதிக விலையில் போயிருந்தால் அவர்கள் தெருத்தெருவாக நடந்திருப்பார்களா? எனக்கு சந்தேகம்தான். வரிப்பணம் காரணமா, ஓட்டிஸ் மேல் இருந்த கோபம் காரணமா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்து கிடக்கின்றன. நம்மில் யாருடைய அரசியல் கோபமும் சுத்தமாக வடிகட்டியது இல்லை என்பதால் இதைக் குறையாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

அடுத்து மேயர். ஆர்தர் ஹார்ப்பர் 1906-ல் தேர்ந்தெடுக்கப்பட்டார். சூதாட்டமும் விபச்சார விடுதிகளும் போலீஸ் பார்வைக்கு எதிரிலேயே நடந்தன. அதைவிட சுவாரசியம் மேயரும் அவர் கூட்டாளிகளும் பணம் பண்ணியதாகச் சொல்லப்பட்ட விதம். லஞ்சம் என்று யாரும் பெட்டியில் பணம் கொண்டுவரவில்லை. மதிப்பில்லாத கம்பெனிகளின் ஷேர்களை மதுக்கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் "முதலீடாக" வாங்கினார்கள் என்பதே குற்றச்சாட்டு. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் எல்லாம் சுத்தம். (கார்ப்பரேட் அக்கவுண்டிங் பாடத்தில் ஏன் இந்த மாதிரி உதாரணங்களைச் சேர்ப்பதில்லையோ!) சீர்திருத்தக்காரர்களும் சில பத்திரிகைகளும் சேர்ந்து 1909-ன் தொடக்கத்தில் மனுவைத் திரட்டினார்கள். ஓட்டிஸின் டைம்ஸ் ரீகாலை எதிர்த்தது. மார்ச் 26 தேர்தல் என்று நாள் குறித்தாகிவிட்டது. ஹார்ப்பர் அதுவரை நிற்கவில்லை, இரண்டு வாரம் முன்பே ராஜினாமா செய்துவிட்டார்.

சீர்திருத்தக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஜார்ஜ் அலெக்ஸாண்டர் என்ற எழுபதை நெருங்கிய பெரியவரை நிறுத்தியிருந்தார்கள். எதிரில் ஆளே இல்லை என்று நினைத்தால், வாக்குச்சீட்டில் இன்னொரு பெயர் இருந்தது. ஃப்ரெட் வீலர், சோஷலிஸ்ட் கட்சிக்காரர், தச்சர். ஓட்டு எண்ணியபோது அலெக்ஸாண்டர் சொற்ப வித்தியாசத்தில்தான் தப்பித்தார். கதவைத் திறந்து விட்டவர்கள் படித்த, வசதியான கனவான்கள். அந்தக் கதவு வழியே தொழிலாளர் கட்சி கிட்டத்தட்ட மேயர் அலுவலகத்துக்குள்ளேயே போயிருக்கும். கனவான்களில் பல பேருக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. ஹேன்ஸ் மட்டும் கவலைப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு இது காய்ச்சல் போலப் பரவியது. 1911-ல் சியாட்டிலில் மேயர் ஹைரம் கில் ரீகாலில் போனார். அங்கேயும் சூதாட்டம், விடுதிகள், போலீஸ் மாமூல் விவகாரம்தான். அவர் தோற்றதில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் 1910 நவம்பரில்தான் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்திருந்தது, கிடைத்த சில மாதங்களிலேயே ஒரு மேயரைக் கீழே இறக்கினார்கள். ஆனால் கில் சாதாரண ஆள் இல்லை. "நான் திருந்திவிட்டேன்" என்று 1914-ல் திரும்ப நின்றார், ஜெயித்தார்! அதே 1911 அக்டோபர் 10-ல் கலிஃபோர்னியா மாநிலம் முழுமைக்கும் மூன்று அதிகாரங்களும் வந்தன. ஆளுநர் ஹைரம் ஜான்சன் ரயில்வே கம்பெனியை அரசியலிலிருந்து விரட்டுவேன் என்று சொல்லியே ஜெயித்தவர். அதே நாளில் நடந்த வாக்கெடுப்பில் பெண்கள் வாக்குரிமை 3,587 ஓட்டு வித்தியாசத்தில் தட்டுத் தடுமாறி ஜெயித்தது. ரீகாலோ மூன்றுக்கு ஒன்றுக்கும் அதிகமான ஓட்டில் ஜெயித்தது. ஓட்டுப் போட்ட ஆண்களுக்கு, பதவியில் இருப்பவனை இறக்குவதில் இருந்த ஆசை மனைவிக்கு ஓட்டுக் கொடுப்பதில் இல்லை.

1930-ல் டெட்ராய்ட். மேயர் சார்ல்ஸ் பௌல்ஸ் கென்டக்கி குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து போலீஸ் கமிஷனர் சூதாட்ட விடுதிகளில் சோதனை போட்டார். திரும்பி வந்த மேயர் கமிஷனரை வேலையை விட்டு நீக்கினார். அவ்வளவுதான், கையெழுத்து வேட்டை ஆரம்பம். பதவியேற்று ஏழு மாதம்கூட ஆகாத நிலையில் ஜூலை 22-ல் மக்கள் அவரை நீக்கினார்கள். அடுத்த சில மணி நேரத்தில், அவரை விமர்சித்து வந்த ஜெர்ரி பக்லி என்ற வானொலிப் பேச்சாளர் ஓட்டல் வரவேற்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்குச்சீட்டில் முடிந்துவிடும் என்று நினைத்த விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுவதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸும் அதை 1938-ல் மறுபடி பார்த்தது. இந்தமுறை கதாநாயகன் ஒரு ஓட்டல்காரர். கிளிஃபோர்ட் கிளிண்டன் நடத்திய உணவகத்தில், சாப்பாடு பிடிக்காவிட்டால் காசு தர வேண்டாம் என்று போர்டு வைத்திருந்தார். பொருளாதார மந்தக் காலத்தில் காசில்லாமல் வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டவர். மேயர் ஃப்ராங்க் ஷாவின் நிர்வாகத்தில் நடந்த ஊழலைத் தோண்ட ஆரம்பித்ததும் 1937 அக்டோபரில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் பக்கத்துக்குத் துப்பறிந்து கொடுத்த முன்னாள் போலீஸ்காரர் ஹாரி ரேமண்டின் காரில் 1938 ஜனவரியில் இன்னொரு குண்டு. மனிதர் பலத்த காயத்தோடு பிழைத்தார். விசாரித்ததில் குற்றவாளி என்று தீர்ப்பானவர் நகரப் போலீஸின் உளவுப் பிரிவுக் கேப்டன் எர்ல் கைனட்! போலீஸே குண்டு வைத்தால் புகார் யாரிடம் கொடுப்பது? மக்கள் செப்டம்பரில் ஷாவை நீக்கிவிட்டு ஃப்ளெட்சர் பௌரன் என்ற நீதிபதியை மேயராக்கினார்கள். அவர் 1953 வரை இருந்தார். ஹேன்ஸ் இதைப் பார்க்கவில்லை, 1937-லேயே இறந்துவிட்டார். அவர் உண்டாக்கிய அதிகாரம் அவர் நினைத்த மாதிரியே, நினைத்த ஊரிலேயே வேலை செய்தது என்றால் அது இந்த ஒருமுறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை படித்தவர்களுக்கு "அடடா, நமக்கும் இப்படி ஒன்று இருந்தால்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, செயின்ட் லூயிஸ் பற்றிப் படிக்கும்வரை.

மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரம் 1914-ல் புதுச் சாசனம் எழுதியபோது இனிஷியேட்டிவையும் சேர்த்துக்கொண்டது. 1910 கணக்குப்படி ஊரில் சுமார் 6,87,000 பேர், அதில் கறுப்பின மக்கள் சுமார் 44,000. வெள்ளையர் குடியிருப்புச் சங்கங்கள் ஒரு சட்ட வரைவைத் தயாரித்தன. ஒரு தெருப் பகுதியில் 75 சதவீதம் பேர் ஒரு இனமாக இருந்தால், மற்ற இனத்தவர் அங்கே குடியேறக் கூடாது. இதைக் கொண்டுவர நகரசபை தயங்கியது, கவுன்சிலர்கள் நிறைய பேர் எதிர்த்தார்கள், பத்திரிகைகளும் எதிர்த்தன. எதிர்த்தால் என்ன, மக்களிடம் நேராகப் போவதற்குத்தானே சாசனத்தில் வழி இருக்கிறது? கையெழுத்து திரட்டினார்கள். 1916 பிப்ரவரி 29-ல் வாக்கெடுப்பு. ஆதரவு 52,220. எதிர்ப்பு 17,877.

இந்த எண்களை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். லஞ்சம் இல்லை, ரயில்வே கம்பெனி இல்லை, கள்ள ஓட்டு என்றும் யாரும் சொல்லவில்லை. புத்தகத்தில் எழுதியிருக்கிற மாதிரி, விதிப்படி, குடிமக்கள் தாங்களே சட்டம் எழுதித் தாங்களே நிறைவேற்றிக் கொண்டார்கள். பக்கத்துத் தெருக்காரன் எங்கே வீடு எடுக்கலாம் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். நூற்றில் ஆறு பேராக இருப்பவர்கள் எத்தனை கையெழுத்து திரட்டினால் இதைத் திருப்ப முடியும்? அவர்களைக் காப்பாற்றியது நீதிமன்றம்தான். லூயிவில் நகரத்தின் இதே மாதிரிச் சட்டத்தை 1917 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அதோடு செயின்ட் லூயிஸ் சட்டமும் செத்தது. ஆனால் ஆசை சாகவில்லை. வீட்டுப் பத்திரத்திலேயே "இன்ன இனத்தாருக்கு விற்க மாட்டேன்" என்று எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கும் செயின்ட் லூயிஸ் வீடு ஒன்றைப் பற்றியதுதான்.

அது பழைய காலம் என்று விட்டுவிட முடியாது. ஒஹையோவின் அக்ரன் நகரத்தில் வீடு வாடகைக்கு விடுவதில், விற்பதில் இனப் பாகுபாடு கூடாது என்று 1964-ல் நகரசபை சட்டம் போட்டது. வாக்காளர்கள் அதே ஆண்டு சாசனத்தையே திருத்தினார்கள். இனி இந்த மாதிரிச் சட்டம் எது வந்தாலும் பொது வாக்கெடுப்பில் ஜெயித்தால்தான் செல்லும் என்று. மற்ற சட்டங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, இதற்கு மட்டும்! 1969-ல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

இன்னொரு பிரச்சினை கையெழுத்து. அச்சுத் தொழிலாளிகள் தங்கள் காலால் நடந்தார்கள். பின்னாளில் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து ஆள் வைப்பது தனித் தொழிலாகவே வளர்ந்தது. கொலராடோ மாநிலம் அதைத் தடை செய்து பார்த்தது. கருத்துச் சுதந்திரத்தில் கைவைப்பது என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. அதற்காகப் பணம் இருந்தால்தான் முடியும் என்றும் இல்லை. 1983-ல் சான் பிரான்சிஸ்கோவில், மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் கைத்துப்பாக்கிக்குத் தடை கொண்டுவந்த கோபத்தில் ஒரு சின்னக் குழு கையெழுத்து திரட்டி ரீகால் தேர்தலே கொண்டுவந்துவிட்டது. அவர் ஐந்தில் நாலு பங்கு ஓட்டு வாங்கி இன்னும் பலமாக உட்கார்ந்தார். 1978-ல் கிளீவ்லாந்து மேயர் டென்னிஸ் குசினிச் பிழைத்தது வெறும் 236 ஓட்டில். 2024 நவம்பரில் ஓக்லாந்து மேயர் ஷெங் தாவோ பிழைக்கவில்லை.

"நம் நாட்டில் இல்லையா?" என்று யாராவது கேட்பீர்கள். முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவரைத் திரும்ப அழைக்க 1990-களின் கடைசியில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன்படி வாக்கெடுப்புகளும் நடந்து, தலைவர்கள் பதவி இழந்ததும் உண்டு. சீட்டில் இரண்டு சின்னம்: காலி நாற்காலி, ஆள் உட்கார்ந்த நாற்காலி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு நொடியில் புரியும், அருமையான யோசனை. ஆனால் அந்தச் சட்டத்தில் மனு கொடுக்க வேண்டியவர்கள் வாக்காளர்கள் இல்லை, கவுன்சிலர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டால்தான் விஷயம் கலெக்டரிடம் போகும். அற்பக் காரணத்துக்கெல்லாம் தேர்தல் வராமல் இருக்க இது நல்ல தடுப்பு. கூடவே, கவுன்சிலர்களும் தலைவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊராக இருந்தால், டெண்டர் யாருக்குப் போனாலும் அந்தக் காலி நாற்காலி சீட்டில் வரவே வராது.